ஐந்தடி தூரத்தில் அலமாரி: நூலகத்தில் விக்கி பார்க்கப் புதிதாக வருபவர்களுக்கு

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். சாயந்திரம் இரண்டு மணி நேரம் கணினி மேசைப் பக்கம் உட்கார்ந்திருப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, டீ உண்டு. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள். மீதிப் பேர் நாளைக்கே புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய பள்ளிப் பிள்ளைகள். எல்லோரும் முதலில் திறப்பது விக்கிப்பீடியாவைத்தான்.

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று அழகான கையெழுத்தில் ஒரு வரி.

"இது எங்கேப்பா இருந்துச்சு?"

"விக்கியில சார்."

காட்டச் சொன்னேன். அது விக்கியே இல்லை. தேடியபோது மேலே வந்து நின்ற ஏதோ ஒரு பக்கம்.

"நீ தஞ்சாவூர் போயிருக்கியா?"

"டூர் போனோம் சார்."

"நிழல் விழுந்துச்சா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "நாங்க உக்காந்து புளிசாதம் சாப்பிட்டதே அந்த நிழல்லதான் சார்."

கண்ணால் பார்த்ததைவிடத் திரையில் படித்ததை நம்பியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி ஏமாந்தவன்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது. "விக்கியை நம்பலாமா சார்?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விக்கியை மொத்தமாக நம்பவும் வேண்டாம், மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, அது எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அலமாரி ஐந்தடி தூரத்தில்தான் இருக்கிறது.

முதலில், எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

விக்கி என்பது ஒரே ஒரு தளத்தின் பெயர் இல்லை. பலர் சேர்ந்து எழுதித் திருத்தக்கூடிய பக்கங்களுக்கான பொதுப்பெயர். 1995-இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியைத் தொடங்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15-இல் பிறந்தது, தமிழ் விக்கிப்பீடியா 2003-இல். அதன் கூடப்பிறந்தவை சில உண்டு: சொற்களுக்கு விக்சனரி, பழைய நூல்களின் முழு உரைக்கு விக்கிமூலம், படங்களுக்குப் பொதுவகம்.

இவற்றுக்கு வெளியேயும் தமிழில் விக்கிகள் இருக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேமித்து வைக்கும் 'நூலகம்' தளம் விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது. 2022-இல் தொடங்கிய 'தமிழ் விக்கி' வேறு ரகம்; அங்கே ஆசிரியர் குழு பார்த்துத்தான் பதிவுகள் நிலைபெறும். ஆகவே முதல் படி, மேலே உள்ள முகவரியைப் படிப்பது. யார் வேண்டுமானாலும் திருத்தலாமா, குறிப்பிட்ட சிலர்தானா, திருத்தியதை யாராவது பார்க்கிறார்களா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சினிமா ரசிகர்கள் நடத்தும் விக்கியும் விக்கிதான், ஆனால் அதன் தரம் வேறு.

இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்துவிட்டது. தேடினால் மேலேயே இயந்திரம் தொகுத்த ஒரு பதில் வந்து நிற்கிறது. அது விக்கியிலிருந்தும் எடுத்திருக்கலாம், நிழல் விழாத பக்கத்திலிருந்தும் எடுத்திருக்கலாம். அதைப் படித்துவிட்டு "விக்கியில் இருந்தது" என்று சொல்லாதீர்கள். பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

பெயரில் வரும் சிக்கல்

நம் ஊர்ப்பக்கம் தேடும்போது பாதி நேரம் பெயரிலேயே போய்விடும். மாயவரம் என்று தேடுவீர்கள், கட்டுரை மயிலாடுதுறை என்று இருக்கும். சீயாழி என்று தாத்தா சொல்லுவார், பலகையில் சீர்காழி. 'புது ஆறு' என்றுதான் ஒரத்தநாட்டுப் பக்கம் சொல்வார்கள், ஏட்டில் அது கல்லணைக் கால்வாய். 'வழிமாற்று' இருந்தால் விக்கியே சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இல்லையென்றால் "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்று கைவிரித்துவிடும். இல்லை என்று முடிவுகட்டாமல் வேறு பெயரைப் போட்டுப் பாருங்கள். ராஜராஜன், இராஜராஜன், இராசராசன் மூன்றையும் முயலுங்கள்.

எதிர்ச் சிக்கலும் உண்டு. பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டத்திலும் இருக்கிறது, திருநெல்வேலி மாவட்டத்திலும் இருக்கிறது. ஒரு பெண் இரண்டு ஊர்களின் தகவலையும் கலந்து, குடமுருட்டிக் கரையில் ஓர் அருவி இருப்பதாகவே எழுதிவிட்டாள். டெல்டாவில் அருவிக்கு எங்கே போவது? மேட்டைப் பார்க்கவே நாங்கள் ரயில்வே பாலத்தின் மேல் ஏறவேண்டும். ஒரே பெயரில் பல பக்கங்கள் இருக்கும்போது விக்கி ஒரு பட்டியலைக் காட்டும். அதில் முதலாவதைச் சொடுக்காமல் முழுதும் படியுங்கள்.

கீழிருந்து மேலே படியுங்கள்

பக்கம் திறந்ததும் நேரே அடிக்குப் போங்கள். 'மேற்கோள்கள்' என்றோ 'உசாத்துணை' என்றோ ஒரு பகுதி இருக்கும். அதில் எத்தனை உருப்படி என்று எண்ணுவதில் பயனில்லை. என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். நூல் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் இருந்தால் நல்லது. அரசு ஆவணம், கல்வெட்டுத் தொகுதி, ஆய்விதழ் இருந்தால் இன்னும் நல்லது. சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரப் பக்கமும் செத்துப்போன இணைப்புகளும் மட்டும் இருந்தால், மேலே எவ்வளவு கம்பீரமாக எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு துப்பு மட்டும்தான்.

அப்புறம் உங்களுக்கு வேண்டிய வரிக்கு வாருங்கள். அதன் முடிவில் சிறிய எண் இருக்கிறதா? பத்தியின் கடைசியில் ஓர் எண் இருந்தால் அது கடைசி வாக்கியத்துக்கு மட்டுமா, பத்தி முழுவதற்குமா என்பது எழுதியவருக்கே வெளிச்சம். வரியின் பக்கத்தில் 'சான்று தேவை' என்று போட்டிருந்தால் அது வேறொரு வாசகர் உங்களுக்கு முன்பே தட்டிய எச்சரிக்கை மணி. பக்கத்தின் மேலே துப்புரவு வேண்டும், சான்று போதாது என்று பெட்டி போட்டிருந்தாலும் அப்படித்தான். பிள்ளைகள் அந்தப் பெட்டியை விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

எல்லா வரிக்கும் ஒரே அளவு கவலை வேண்டியதில்லை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது, அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இவை நகராத தகவல்கள். எங்கு பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்கும், தவறாக இருந்தால் உடனே தெரியும். ஜூன் 12 அணை திறப்புக்கு வழக்கமான தேதி என்பதும் அப்படியே. ஆனால் எந்தெந்த ஆண்டு அந்தத் தேதியில் திறந்தார்கள் என்பது ஆண்டுக்காண்டு மாறுவது. அதை எப்போது எழுதினார்கள் என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது. மக்கள்தொகையும் இந்த ரகம்தான். நம் பேரூராட்சிப் பக்கங்கள் பலவற்றில் 2001 கணக்கெடுப்பு எண்களே இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. எண் தப்பில்லை, ஆண்டு பழையது. ஆண்டோடு சேர்த்து எழுதினால் பிரச்சினை இல்லை.

மாவட்டப் பெயர்தான் நம்மிடம் அதிகம் ஏமாற்றுவது. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் வந்தது, 2020-இல் நாகையிலிருந்து மயிலாடுதுறை பிரிந்து 38-ஆவது மாவட்டமானது. ஆகவே சீர்காழி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது என்று ஒரு நூலிலும், நாகை மாவட்டத்தில் என்று இன்னொன்றிலும், மயிலாடுதுறை மாவட்டத்தில் என்று விக்கியிலும் பார்க்கலாம். மூன்றும் அதனதன் காலத்தில் சரிதான்.

கல்லணை இன்னொரு வகை. "கரிகாலன் கட்டியதாக மரபு" என்று ஒரு பக்கம் சொல்கிறது, "இன்ன ஆண்டில் கரிகாலன் கட்டினான்" என்று வேறொரு பக்கம் ஓர் எண்ணைப் போட்டு அடிக்கிறது. இரண்டாவதுதான் படிக்க உறுதியாகத் தெரியும். நான் முதலாவதை நம்புவேன். அவ்வளவு பழைய காலத்துக்குத் துல்லியமான ஆண்டு சொல்ல ஒரு கல்வெட்டாவது வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் அங்கே செய்த வேலைகளுக்கு ஆவணம் இருக்கிறது, அதற்கு ஆண்டு சொன்னால் நியாயம்.

வரலாறு தாவலைத் திறந்தால் பாதி வேலை முடிந்தது

விக்கிப் பக்கத்தின் மேலே 'வரலாறு' என்று ஒரு தாவல் இருக்கும். போனில் பார்த்தால் கொஞ்சம் ஒளிந்திருக்கும், பக்கத்தின் அடியில் "கடைசியாகத் தொகுத்தது" என்று வரும் வரியைத் தொட்டால் அங்கே போகலாம். என்னைக் கேட்டால் அச்சு நூலில் இல்லாத, விக்கியில் மட்டும் உள்ள பெரிய வசதி இதுதான். பக்கம் பிறந்த நாளிலிருந்து யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பது அத்தனையும் அங்கே கிடக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க உ.வே.சா.வை இழுப்பேன். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்து, 1880-இலிருந்து கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஓர் ஏட்டுப் பிரதியை மட்டும் நம்பி அவர் அச்சுக்குப் போகவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பல பிரதிகளைச் சேர்த்து, ஒன்றில் இப்படி, இன்னொன்றில் அப்படி என்று பாடபேதம் பார்த்தார். வரலாறு தாவலில் இருப்பது ஒரே பக்கத்தின் நூற்றுக்கணக்கான பிரதிகள். பாடபேதம் பார்க்கிற வேலையைக் கணினியே செய்து கொடுக்கும். இரண்டு தேதிகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடச் சொன்னால் எந்தச் சொல் போனது, எந்தச் சொல் வந்தது என்று வண்ணத்தில் காட்டிவிடும்.

அங்கே நான் பார்ப்பது இவை. கடைசி மாற்றம் எப்போது? நேற்று இரவு என்றால் அதை மட்டும் திறந்து பார்ப்பேன். நேற்று நுழைந்த குறும்பு இன்னும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. என் வரி எப்போது உள்ளே வந்தது? சான்றோடு வந்ததா, வெறும் வாயோடு வந்ததா? கொண்டுவந்தவர் கணக்கு வைத்திருப்பவரா? அவர் பெயரைச் சொடுக்கினால் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று தெரியும். கணக்கில்லாதவர் என்றால் பெயருக்குப் பதிலாக எண்கள் கலந்த ஓர் அடையாளம் நிற்கும். கணக்கில்லாதவர் எழுதினால் தப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே நாளில் வந்து ஒரே ஒரு மன்னரின் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் போனவர் யார் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்தச் சொல் பெரும்பாலும் சாதிப் பெயராக இருக்கும். மன்னர்கள், சாதிகள், நடிகர்கள், கட்சிக்காரர்கள், எந்தக் கோயில் பழையது என்கிற போட்டி இவை இழுபறி நடக்கும் இடங்கள். ஒருவர் போடுவார், இன்னொருவர் எடுப்பார், திரும்பப் போடுவார். நீங்கள் திறந்த நேரத்தில் யார் கை மேலே இருக்கிறதோ அதுதான் உங்கள் கட்டுரையில் வரும். அப்படிப்பட்ட பக்கத்தில் 'உரையாடல்' தாவலையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். சண்டை அங்கே நடக்கும், சில சமயம் கட்டுரையைவிட அதிலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொள்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப் பேச்சுக்கு 'ஆலமரத்தடி' என்றே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

சண்டை நடக்கிற பக்கம் ஆபத்து, அமைதியான பக்கம் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். 2005-இல் ஜான் சைகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் யாரோ ஒருவர் விளையாட்டுக்கு ஓர் அபாண்டத்தை எழுதிவைத்தார். நாலு மாதம் அது யார் கண்ணிலும் படாமல் அப்படியே இருந்தது. ஆள் நடமாட்டமுள்ள கடைத்தெருவில் பை தொலைந்தால் உடனே யாராவது கூப்பிடுவார்கள், ஆளில்லாத வரப்பில் விழுந்தால் கிடக்கும். நம் ஊர்களின் சிறு பக்கங்கள் வரப்பு மாதிரி. பக்கக் கருவிகளில் 'பக்கத் தகவல்' என்று ஒன்று இருக்கும், அதில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை முறை தொகுத்தார்கள் என்று போட்டிருக்கும். பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுந்து அலமாரிக்குப் போங்கள்

வரி கிடைத்தது, அதன் கீழே ஒரு நூல் பெயரும் கிடைத்தது. பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள், 'ஆதாரம் இருக்கிறது' என்று. ஆதாரம் இருப்பது வேறு, ஆதாரம் அதைச் சொல்வது வேறு. அந்த நூலை எடுங்கள். எங்கள் கிளையில் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். கிடைத்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து வரியைத் தேடுங்கள். என் அனுபவத்தில் பல முறை நூல் சொல்வது வேறாக இருந்திருக்கிறது. நூலில் 'கருதப்படுகிறது' என்று இருப்பது விக்கியில் 'ஆகும்' என்று இறுகிவிடுகிறது.

குறிப்புதவி அலமாரியில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954-இலிருந்து 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் இருந்தால் அதையும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வாழ்வியற் களஞ்சியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னதைப் பெரியசாமித் தூரன் தலைமையில் துறை அறிந்தவர்கள் எழுதினார்கள். ஒரு சொல்லுக்கு ஒருவர் பொறுப்பு. ஆனால் அது நின்றுபோன கடிகாரம்; அந்தக் களஞ்சியத்தில் மயிலாடுதுறை மாவட்டத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நிலைத்த சேதிக்கு அச்சு, அண்மைச் சேதிக்கு விக்கி, இரண்டும் முட்டிக்கொண்டால் மூன்றாவது ஒன்றைத் தேடுவது என்று நான் வைத்திருக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு கேள்வி கொடுப்பேன். இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லும் எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர், 1892-இல் பிறந்தவர். அவர் பிறந்த தேதி என்ன? தேசிய நூலகர் தினம் ஆகஸ்ட் 12, ஆகவே 12 என்று உடனே எழுதிவிடுவார்கள். தேடத் தேட ஆகஸ்ட் 9 என்றும் வரும். ஒன்று விக்கியின் தப்பு, மற்றது நூலின் சரி என்று பிரிக்க முடியாது, இரண்டு தேதியும் அச்சில் புழங்குகின்றன. அப்போது என்ன செய்வது? இரண்டையும் எழுதி, எது எங்கே இருந்தது என்று குறிப்பது. நூலகங்களுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுத்தவரின் பிறந்தநாளே இப்படி நிற்கிறது.

இன்னொன்று: "தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின." இந்த வரியில் என்ன கோளாறு? 1987-இல் சேர்ந்தது தஞ்சை மட்டும், மற்ற இரண்டும் 2004-இல் சேர்ந்தன. பாதி சரியான வரிதான் பிடிக்கச் சிரமமானது. யுனெஸ்கோவின் சொந்தப் பட்டியலைத் திறந்தால் ஒரு நிமிட வேலை.

நான் மாட்டிக்கொண்ட கதை

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆற்று மதகைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். கட்டிய வருஷம் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னது. சான்று போடவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அப்புறம் பக்கத்துக் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது, அதற்கு ஒரு விழா மலர் அச்சிட்டார்கள். மலர் எழுதியவர் விக்கியைப் பார்த்து அந்த வருஷத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வேறொரு அன்பர் என் வரிக்குச் சான்று இல்லாததைக் கவனித்து, பொறுப்பாக ஒரு சான்று சேர்த்தார். எதை? அந்த மலரை!

என் டீக்கடைப் பேச்சு இப்போது அச்சு ஆதாரத்தோடு நிமிர்ந்து நின்றது. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது மதகின் அடியில் இறங்கிய பிள்ளைகள் பாசி படிந்த ஒரு கல்லைக் காட்டினார்கள். அதில் செதுக்கிய ஆண்டுக்கும் என் ஆண்டுக்கும் இருபத்து மூன்று வருஷ வித்தியாசம். வரியைத் திருத்திவிட்டேன். மலரைத் திருத்த முடியவில்லை, அது ஆயிரம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது.

இந்த வியாதி உலகமெங்கும் உண்டு. 2008-இல் ஓர் அமெரிக்க மாணவர் கோவாட்டி என்ற விலங்குக்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்று தானே ஒரு பட்டப்பெயர் வைத்து விக்கியில் நுழைத்தார். சில ஆண்டுகளில் நாளிதழ்களே அந்தப் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டன, அவை விக்கிக்கே சான்றாகவும் வந்துவிட்டன. ஆகவே சான்றைப் பார்க்கும்போது அதன் தேதியையும் பாருங்கள். விக்கியில் அந்த வரி நுழைந்த தேதி முந்தியது, சான்றாகக் காட்டிய நூல் பிந்தியது என்றால், நூல் விக்கியிடம் கடன் வாங்கியிருக்கலாம். வரலாறு தாவல் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தமிழ் விக்கிக்கு ஆங்கிலத்தின் மதிப்பெண் செல்லாது

"விக்கிப்பீடியா பிரிட்டானிக்காவுக்குச் சமம்னு நிரூபிச்சாச்சு சார்" என்று சிலர் சொல்வார்கள். 2005-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழ், விக்கியிலும் பிரிட்டானிக்கா என்ற ஆங்கிலக் கலைக்களஞ்சியத்திலும் உள்ள 42 அறிவியல் தலைப்புகளை ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கியில் நாலு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அதைக் கடுமையாக மறுத்தது. எப்படியும் அது ஆங்கிலம், அதுவும் அறிவியல். நம் மொழியில் எழுதுகிறவர்கள் குறைவு, மேற்பார்வை பார்க்கிறவர்கள் இன்னும் குறைவு. ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதியிருந்தது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. தமிழ் அந்த நிலையில் இல்லை, லட்சம் கட்டுரைகளை 2017-லேயே தாண்டிவிட்டது. ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும் பக்கங்கள் உண்டு. வாக்கியம் தமிழில் இருந்தும் தலைகால் புரியவில்லை என்றால் அதன் ஆங்கிலப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். உள்ளூர் விஷயத்தில் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள், ஆங்கிலப் பக்கத்தில் நம் ஊர்ப் பெயர்கள் படும் பாடு உங்களுக்கே தெரியும்.

சில இடங்களில் விக்கியை மூடிவிடுவதே நல்லது. மருந்தின் அளவு, நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் அளவு, பட்டா சிட்டா விவகாரம் இவற்றுக்கெல்லாம் மருத்துவரும் வேளாண் அலுவலரும் வட்டாட்சியர் அலுவலகமும் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: விடைக்குறிப்போடு மோதும்போது உங்களுக்குக் கைகொடுப்பது பள்ளிப் பாடநூல். விக்கியில் புரிந்துகொள்ளுங்கள், பாடநூலில் உறுதிசெய்யுங்கள்.

தப்பைக் கண்டால் திருத்துங்கள்

கணக்கு தொடங்குவது ஐந்து நிமிடம், காசு கிடையாது. சொந்தப் பெயர் போடவேண்டும் என்றில்லை. முதலில் 'மணல்தொட்டி' பக்கத்தில் எழுதிப் பழகுங்கள், அங்கே எதை உடைத்தாலும் யாரும் திட்டமாட்டார்கள். பின்பு ஒரு பெரிய கட்டுரையில் குதிக்காமல், 'சான்று தேவை' என்று கிடக்கும் ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். அலமாரியில் நூலைத் தேடி, ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம் ஐந்தையும் குறித்து அந்த வரிக்குச் சேருங்கள். ஆண்டை அட்டையில் பார்க்காமல் உள்ளே பதிப்பு விவரம் உள்ள பக்கத்தில் பாருங்கள். எந்தப் பதிப்பு என்பது முக்கியம், பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். விக்கிப்பீடியாவின் பதினைந்தாம் பிறந்தநாளில், 2016-இல், உலக நூலகர்களை "ஆளுக்கு ஒரு சான்று சேருங்கள்" என்று கேட்டு ஓர் இயக்கம் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. எங்கள் நூலகர் ஜனவரியில் பொங்கல் வேலைக்கு நடுவிலும் ஒன்று சேர்த்துவிடுவார்.

நூலை வரிக்கு வரி பெயர்த்துப் போடாதீர்கள், அது காப்புரிமை மீறல். தல புராணத்தை வரலாறு என்று எழுதாதீர்கள், "தல புராணம் சொல்கிறது" என்று எழுதலாம். உங்கள் திருத்தத்தை யாராவது நீக்கினால் கோபம் வரும், எனக்கும் வந்தது. வரலாறு தாவலில் காரணம் எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். எழுதியது எங்கும் போய்விடாது, பழைய பிரதியில் இருக்கும்.

நூலகத்துக்கென்று ஒரு விக்கி

டீக்கடைப் பெரியவர் சொன்னது விக்கிப்பீடியாவில் செல்லாது. வெளியான ஆதாரம் இல்லாத சேதி அங்கே சொந்த ஆய்வாகிவிடும். அதற்காக அது வீண் என்று ஆகுமா? எந்த வாய்க்காலுக்கு முன்பு என்ன பெயர், எந்தப் புயலில் எந்தத் தோப்பு போனது என்பதெல்லாம் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவைப் பற்றி எங்கள் வாசகர்கள் சொன்னதை எழுதிவைக்கவே நாங்கள் ஒரு சிறு விக்கி தொடங்கினோம்.

டோக்குவிக்கி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். தரவுத்தளம் வேண்டாம், ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்ளும். பழைய கணினியில் ஓடும், முழுக் கோப்புறையையும் பென்டிரைவில் நகலெடுத்துவிடலாம். நிறுவித் தர ஒரு கல்லூரிப் பிள்ளை கிடைத்தால் ஒரு மத்தியானத்தில் முடியும். எங்கள் விதிகள் கொஞ்சம்தான். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது, யார் எழுதியது என்ற மூன்றும் இல்லாமல் ஒரு வரியும் ஏறாது. சொன்னவரிடம் படித்துக்காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். உயிரோடிருப்பவர்களின் குடும்பச் சண்டை, போன் எண் எதுவும் கூடாது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைக்க வேண்டும். திருத்தும் உரிமையைப் பத்துப் பேருக்குக் கொடுத்திருக்கிறோம், படிக்க எல்லோருக்கும்.

தொடங்குவது சுலபம், மூன்று மாதத்தில் தூங்கிப்போவது அதைவிடச் சுலபம். வாரத்தில் ஒரு நாள் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். எங்களுக்கு அது சனிக்கிழமை. வெள்ளி நூலகத்துக்கு விடுமுறை என்பதால் சனிக்கிழமை கூட்டம் வரும்.

இணையம் இல்லாத சாயந்திரம்

ஐப்பசி, கார்த்திகையில் இணைப்பு போனால் வர இரண்டு நாளாகும். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினியிலும் போனிலும் இணையமில்லாமல் திறக்கும். படமில்லாத கோப்பு சிறியது. கோப்பின் தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள், அந்தத் தேதிக்குப் பின் நடந்தது எதுவும் அதில் இருக்காது. வரலாறு தாவலும் உரையாடலும் அதில் வராது. ஆகவே அன்றைக்குச் சந்தேகம் வந்த வரிகளை எழுதிவைக்க மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இணைப்பு வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து அடிப்போம்.

போன வாரம் அதில் புதிதாக ஒரு வரி, அதே எட்டாம் வகுப்புக் கையெழுத்து: "பெரிய கோயில் நிழல், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் எவ்வளவு நீளம்? அரைப்பரீட்சை லீவுல மாமா வீட்டுக்குப் போறப்ப டேப் எடுத்துட்டுப் போகணும்."